மேலக்குழப்பத்தார் வேலை பார்க்காமல் இருந்த கதை

மேலக்குழப்பம் என்று ஓர் ஊர் இருந்தது. கீழக்குழப்பம் எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உங்களோடு தேடக் கிளம்பிவிடுவார்கள். அவ்வளவு நல்லவர்கள். நல்லவர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மற்றது போகப்போக உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த ஊருக்கு ஒரு குளம். குளத்தில் தண்ணீர் இருந்தால் வயலில் வேலை இருக்கும், வயலில் வேலை இருந்தால் அடுப்பில் உலை கொதிக்கும். ஆனால் மழை தொடர்ந்து ஏமாற்றிவிட்டது. மீன் பிடித்த இடத்தில் ஆடு மேய்ந்தது. ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த சர்க்கார், வேலையில்லாதவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று மாதாமாதம் லாரியில் அரிசி அனுப்பியது.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. பிறகு வேறு ஏதோ ஊரில் யாரோ ஒருவர் டவுனில் ஜவுளிக்கடை வைத்துக்கொண்டே வேலையில்லாதவர் அரிசியையும் வாங்கினாராம். சர்க்காருக்குக் கோபம் வந்துவிட்டது. ஜவுளிக்கடைக்காரரை ஒன்றும் செய்யவில்லை. திட்டத்தைச் சீர்திருத்திவிட்டார்கள். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பாய் கிழிந்தால் வீட்டை மாற்றுகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.

சீர்திருத்தத்தை ஊருக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு ஊர்த்தலைவர் கொம்பையாவுக்கு வந்தது. அவர் தண்டோராக்கார மூக்காண்டியைக் கூப்பிட்டார். மூக்காண்டி எதையும் இரண்டு தடவை யோசிப்பவன். முதல் தடவை யோசித்தது மறந்துபோவதால் இரண்டாவது தடவை யோசிப்பான்.

"டும் டும் டும்! இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், இன்று முதல் வேலை செய்கிறவர் எவருக்கும் அரிசி கிடையாது! ஊரில் ஒரே ஒருத்தர் வேலை செய்து பிடிபட்டாலும் ஊருக்கே அரிசி நிறுத்தப்படும்! அதிகாரி எப்போது வேண்டுமானாலும் சோதனைக்கு வருவார்! டும் டும்..."

மூன்றாவது டும் வரவில்லை. குச்சி அந்தரத்தில் நின்றது.

"அண்ணாச்சி" என்றான் மூக்காண்டி, கூடவே வந்த கொம்பையாவைப் பார்த்து. "நான் இப்ப என்ன செஞ்சிக்கிட்டு இருக்கேன்?"

"தண்டோரா போடுத, ஏலே."

"அதுவும் வேலதானல்லா?"

கொம்பையாவுக்கு வியர்த்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்தார். "ஏலே, குச்சியக் கீழ போடு. சத்தம் வராமப் போடு."

"போட்டுட்டேன். ஆனா பாதி ஊருக்குத்தான சொல்லிருக்கேன். கீழத்தெருக்காரன் விசயம் தெரியாம வேலையப் பாத்துத் தொலைச்சான்னா?"

"சொன்னா நீ மாட்டுவ. சொல்லாட்டா அவன் மாட்டுவான்" என்றார் கொம்பையா. ஊர்த்தலைவராக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கடைசியில் இருவரும் கீழத்தெரு முனையில் போய் நின்று, வேலை செய்ய வருகிறவர்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்கள். ஊரில் பேய் நடமாட்டம் என்று நினைத்துக் கீழத்தெருக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். ஆக, அங்கேயும் யாரும் வேலை செய்யவில்லை.

இந்தச் செய்தியால் அதிகம் பயந்தவன் சங்கிலி. அவன் மனைவி பொன்னுத்தாயிக்கு அது நிறைமாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய பிள்ளை. அவள் அந்த அரிசிச் சோற்றில்தான் உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அரிசி நின்றால் தாயும் பிள்ளையும் என்ன ஆவார்கள் என்று நினைத்ததுமே அவனுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"அண்ணாச்சி, முதல்ல வேலைன்னா எது எதுன்னு தெரிஞ்சிக்கிடணும். தெரியாம எதையாவது செஞ்சுபுட்டா எம் பொண்டாட்டி வயித்துலல்லா அடி விழும்?" என்றான்.

நியாயமான பேச்சு. மேலக்குழப்பத்தில் எப்போதாவது நியாயமான பேச்சு எழுவதுண்டு, அதைத் தொடர்ந்துதான் எல்லா விபரீதமும் நடக்கும். கொம்பையா, மூக்காண்டி, சங்கிலி மூவரும் டவுனுக்கு நடந்துபோய் நிவாரண அதிகாரி ஞானதுரையைப் பார்த்தார்கள். ஞானதுரை நல்ல மனிதர். அன்றைக்குப் பார்த்து அவர் அறையில் நாலு ஊர்க்காரர்கள் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள், மேஜையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஐயா, வேலைன்னா என்ன?" என்று கேட்டார் கொம்பையா.

"என்னய்யா கேள்வி இது? ஒருத்தர் செய்யுற காரியம் இன்னொருத்தருக்குப் பிரயோஜனப்பட்டா அது வேலை. போங்க, போங்க" என்று சொல்லிவிட்டு ஞானதுரை டீயை எடுத்துக்கொண்டார். இந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த மனிதர் பின்னால் எவ்வளவு வருத்தப்பட்டார் என்பது அந்த டீக்குத் தெரியாது.

திரும்பி வந்ததும் வாகை மரத்தடியில் ஊர்க்கூட்டம். கொம்பையா விளக்கினார்: "கேட்டுக்கிடுங்க. யாருக்கும் பிரயோஜனமில்லாம எதை வேணா செய்யலாம். அடுத்தவனுக்குப் பிரயோஜனப்பட்டுச்சோ, போச்சு."

"அப்ப தலைவரு நீரு இப்ப விளக்கிச் சொல்லுதீரே, இது எங்களுக்குப் பிரயோஜனமா இருக்கே?" என்றாள் மருத்துவச்சி குருவம்மாள். ஊரில் பிறந்த பிள்ளைகள் முக்கால்வாசி அவள் கையில் விழுந்தவை. அதில் சிலவற்றைக் கீழே போட்டுவிட்டாள் என்று பக்கத்து ஊரில் கேலி செய்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது, ஊரைப் பார்த்துச் சொல்வதுதான்.

கொம்பையா யோசித்தார். "நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சிச்சா?"

"இல்ல" என்றது கூட்டம்.

"அப்ப பிரயோஜனமில்ல. தொடருவோம்" என்றார்.

முதல் சிக்கல் சோறு. தனக்குப் பொங்கினால் அது வேலையல்ல, புருஷனுக்குப் பொங்கினால் வேலை. இந்த விதியைப் பெண்கள் ஒரே மூச்சில் புரிந்துகொண்டார்கள். விளக்கம் கூடக் கேட்கவில்லை. ஆண்களுக்குத்தான் விளங்கவில்லை. வீட்டுக்கு ரெண்டு அடுப்பு எரிந்தது. கொம்பையா பானையில் போடாமல் அரிசியை நேராக அடுப்பில் போட்டுவிட்டு, பொரி வந்ததும் அதையே சோறு என்று நம்பித் தின்றார். மூக்காண்டி கல்யாணமாகாதவன், ஏற்கனவே தனக்குத்தானே பொங்குகிறவன். ஒருவன் எப்படிப் பொங்குகிறான் என்று பார்க்க ஊர் ஆண்கள் அவன் வீட்டு வாசலில் வந்து கூடினார்கள். பார்த்துக் கற்றுக்கொண்டால் அது அவர்களுக்குப் பிரயோஜனமாகிவிடுமே என்று மூக்காண்டி அன்றிலிருந்து வேண்டுமென்றே சோற்றைக் கருக்கினான். பாவம், ஊருக்காகத் தீய்ந்த சோறு தின்றான்.

பிள்ளைகளுக்கு ஊட்டுவது? அது அப்பட்டமான வேலை. இதற்குப் பிள்ளைகளே வழி கண்டுபிடித்தன. தாயின் தட்டிலிருந்து திருடித் தின்றன. திருட்டு வேலையாகாது என்று கூட்டத்தில் தீர்ப்பானது.

அடுத்த சிக்கல் கொம்பையாவின் சேவல். விடியற்காலையில் கூவி ஊரையே எழுப்புகிறது.

"அது வேலைதான். சந்தேகமே இல்ல" என்றாள் குருவம்மாள்.

"சேவலுக்கு அரிசி கிடையாதுல்லா? அது ஏன் நம்ம கணக்குல வருது?"

"நீரு அதுக்கு அரிசி போடுதீரா இல்லையா?"

கொம்பையா தலை குனிந்தார். போடுகிறார்தான். சேவலைக் கூப்பிட்டு நிலைமையை எடுத்துச் சொன்னார்கள். சேவல் கேட்பதாக இல்லை. கடைசியில், அது கூவினாலும் யாரும் எழுந்திருப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். எழுந்தால்தானே பிரயோஜனம்? அன்று முதல் ஊர் உச்சி வெயில் வரை கண்ணை இறுக மூடிக்கொண்டு விழித்திருந்தது.

இந்தச் சமயத்தில் ஒரு திருடன் வந்தான். பட்டப்பகலில் எல்லார் வீட்டுக் கதவும் திறந்து கிடக்க, எல்லாரும் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவனுக்கே கூச்சமாகிவிட்டது. இருந்தாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறதே. கொம்பையா வீட்டுக்குள் போய் ஒரு செம்புப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"திருடன்!" என்றான் சங்கிலி.

"கத்தாத!" என்று அவன் வாயைப் பொத்தினார் கொம்பையா. "திருடனப் பிடிச்சா ஊருக்குப் பிரயோஜனம்."

"ஆனா அது உம்ம பானைல்லா அண்ணாச்சி?"

"என் பானைய நான் பிடிச்சா எனக்கு மட்டுந்தான் பிரயோஜனம். அது சரி. ஆனா அவன் ஓடுதான். எனக்கு மூச்சு வாங்கும்."

திருடன் ஓடவில்லை. ஒருவரும் துரத்தாமல் ஓடினால் பார்ப்பதற்கு நன்றாக இருக்காது என்று நின்றுவிட்டான். மூக்காண்டி அவன் அருகே போய் மரியாதையாகக் கேட்டான்: "ஐயா, நீங்க செய்யுற காரியத்தால யாருக்காவது பிரயோஜனம் உண்டா?"

திருடன் யோசித்தான். "எனக்கு மட்டுந்தாங்க. மத்தவங்களுக்கு நட்டந்தான்."

"அப்ப நீங்க வேலையில்லாதவரு!" என்று மூக்காண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். திருடனையும் வரிசையில் உட்காரவைத்து, அவன் பங்கு அரிசி இன்ன மூட்டையில் இருக்கிறது, பொங்கிக்கொள்ள வேண்டியது அவன் பாடு என்று சுட்டிக்காட்டினார்கள். அவன் அந்த ஊரில் கொஞ்ச நாள் இருந்து பார்த்தான். உச்சி வெயில் வரை கண்ணை மூடிக்கிடப்பது அவனுக்குக் கட்டுப்படியாகவில்லை. பானையை வைத்துவிட்டு, தன் சொந்த மூட்டையையும் மறந்து, பக்கத்து ஊருக்கு ஓடிவிட்டான். பிறகு அங்கே ஏதோ கொத்தனார் வேலை பார்த்து யோக்கியனாகிவிட்டதாகக் கேள்வி.

இதெல்லாம் சிரிப்பாக இருக்கிறது. சங்கிலியின் வீட்டில்தான் சிரிப்பில்லை. நிறைமாதக்காரி பொன்னுத்தாயி தனக்குத் தானே தண்ணீர் சுமந்தாள், விறகு பொறுக்கினாள், குனிந்து அடுப்பூதினாள். சங்கிலி பக்கத்திலேயே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அவள் மேல் வைத்திருந்த பாசத்தினாலேயே அவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஏங்க, அந்தக் குடத்தக் கொஞ்சம் இறக்கி வைங்களேன்" என்பாள்.

"மாட்டேன் தாயி. உன் நல்லதுக்குத்தான் மாட்டேன்" என்று அழுவான்.

ஒருநாள் அவன் தனக்காக ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தான். வாசலில் கிடந்த உரலில் கால் இடறி, குடத்தோடு விழுந்தான். தண்ணீர் அப்படியே பறந்துபோய்ப் பொன்னுத்தாயியின் உலைப்பானையில் விழுந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அவள் அவ்வளவு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். சங்கிலிக்கு ரத்தம் உறைந்துவிட்டது. பிரயோஜனப்பட்டுவிட்டதே!

உடனே ஊர்க்கூட்டம்.

"சங்கிலி, நெஞ்சத் தொட்டுச் சொல்லு. அந்தப் பானையில ஊத்தணும்னு நெனச்சியா?"

"சத்தியமா இல்ல அண்ணாச்சி. உரலு தடுக்கிருச்சு."

"தடுக்கி விழுறது வேலையா?" என்று கொம்பையா கூட்டத்தைப் பார்த்தார். நெடுநேரம் ஆராய்ந்தார்கள். எந்த ஊரிலாவது தடுக்கி விழுவதற்குக் கூலி கொடுக்கிறார்களா? இல்லை. ஆகவே அது வேலையல்ல. தீர்ப்பு சொன்னதும் ஊரே எழுந்து நின்று ஆரவாரம் செய்தது.

அன்றிலிருந்து மேலக்குழப்பத்தில் ஒருவர் கூட நேராக நடக்கவில்லை. மூக்காண்டி தடுக்கி விழுந்தான், கொம்பையா வீட்டு ஓடு சரியாகிவிட்டது. குருவம்மாள் தடுக்கி விழுந்தாள், எதிர்வீட்டுக்காரியின் மாவு ஆட்டி முடிந்திருந்தது. ஆட்டுக்கல்லின் மேல் ஒருத்தி அரை நாள் முழுக்கத் தடுக்கி விழுந்துகொண்டே இருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சங்கிலி கண் திறந்ததிலிருந்து பொழுது சாயும் வரை மனைவியைச் சுற்றிச் சுற்றி விழுந்து எழுந்தான். முழங்கால் இரண்டும் தோல் உரிந்துவிட்டது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம்.

இப்படி ஊரே உருண்டுகொண்டிருந்த ஒரு நாளில்தான் ஞானதுரை சோதனைக்கு வந்தார். வருகிற வழியில் அவருடைய ஜீப் காய்ந்த குளத்து மணலில் புதைந்துவிட்டது. கரையில் ஊர் திரண்டு நிற்பதைப் பார்த்து, "கொஞ்சம் வந்து தள்ளுங்கப்பா!" என்று கூப்பிட்டார்.

"சோதன ஆரம்பிச்சிட்டாரு" என்று கிசுகிசுத்தார் கொம்பையா. "ஒருத்தனும் அசையாத."

ஒருவரும் அசையவில்லை. அதிகாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே தள்ளினார். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, அவர் தள்ள, மணல் அவர் முகத்தில் பறந்தது. கைதட்டி உற்சாகப்படுத்தலாமா என்று கேட்டான் மூக்காண்டி. உற்சாகம் வந்தால் பிரயோஜனம் என்று தடுத்துவிட்டார்கள். ஒருவழியாக ஜீப் கரையேறியது. ஞானதுரை மூச்சிரைக்க வந்து, "குடிக்கத் தண்ணி இருக்கா?" என்றார். உடனே மூக்காண்டி ஒரு பானைத் தண்ணீரோடு ஓடிவந்து அவர் காலடியில் தடுக்கி விழுந்தான். தண்ணீர் அதிகாரியின் தலையிலிருந்து இறங்கியது. கொஞ்சம் வாயிலும் போனது. அவன் பழகியவன்.

"என்னய்யா இது ஊரு!" என்று ஞானதுரை கத்த வாயெடுத்தபோது, சங்கிலி வீட்டிலிருந்து அதைவிடப் பெரிய சத்தம் வந்தது. பொன்னுத்தாயிக்கு வலி கண்டுவிட்டது.

எல்லாரும் குருவம்மாளைப் பார்த்தார்கள். குருவம்மாள் அதிகாரியைப் பார்த்தாள். கால் அவளை அறியாமலே வாசலை நோக்கி ரெண்டு எட்டு வைத்தது. பிறகு நின்றுவிட்டது.

"ஏம்மா நிக்கிற? நீதானே மருத்துவச்சி? உள்ள போ!" என்றார் ஞானதுரை.

"போனா அது வேலையாயிரும்லா ஐயா? தாய்க்குப் பிரயோஜனம், பிள்ளைக்குப் பிரயோஜனம். ஒரே நேரத்துல ரெண்டு குத்தம்" என்றாள். "நான் போனா ஊருக்கு அரிசி போயிரும். பொறந்த பிள்ளைக்குப் பால் குடுக்க அவ என்னத்தத் திம்பா?"

"நான் சொல்றேன், போ! நான் எழுத மாட்டேன்!"

"எழுதாட்டா நீங்க உங்க வேலையச் செய்யலன்னு ஆயிரும்" என்றார் கொம்பையா வருத்தத்தோடு. "அப்ப உங்களையும் வேலையில்லாதவர்ல சேக்கணும். இருக்குற அரிசி பத்தாதே ஐயா." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தணிந்த குரலில், "மனச விட்ராதிய. இதுவும் சோதனதான்" என்றார்.

உள்ளே பொன்னுத்தாயி மறுபடி அலறினாள். சங்கிலி துண்டை உதறி எறிந்தான்.

"அரிசியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! எனக்கு எம் பொண்டாட்டி வேணும்!" என்று கத்தினான். அப்போது ஊரில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை, எனக்கும் அந்த இடத்தைச் சொல்லும்போது சிரிப்பு வருவதில்லை. ஆனாலும் அவன் மேலக்குழப்பத்துக்காரன். அடுத்து என்ன செய்தான் தெரியுமா? நேராகப் போய்த் தன் வீட்டு வாசற்படியின் குறுக்கே நீட்டிப் படுத்துக்கொண்டான்.

"யக்கா! என் மேல தடுக்கி விழுங்க!"

குருவம்மாள் ஒரு கணம் கூடத் தாமதிக்கவில்லை. பெரிய உடம்புக்காரி. ஓடிவந்து அவன் வயிற்றில் கால் இடறி, அப்படியே அறைக்குள் போய் விழுந்தாள். "வெந்நி வேணுமே, யாருகிட்டயும் சொல்லாம எனக்கு நானே பேசிக்கிடுதேன்" என்று உள்ளேயிருந்து ஊர் அதிரும்படி தனக்குத்தானே பேசினாள். உடனே ஒருத்தி வெந்நீர்ச் சட்டியோடு ஓடிவந்து சங்கிலி மேல் தடுக்கினாள். துணி தடுக்கியது. எண்ணெய் தடுக்கியது. மேலத்தெருப் பெண்கள் வரிசையாக வந்து தடுக்கினார்கள். சிலர் சும்மா பார்க்க வந்தும் தடுக்கினார்கள். சங்கிலி மிதிபட்டு, வெந்நீர் பட்டு, ஒவ்வொரு மிதிக்கும் "சரியான தடுக்கு! சரியான தடுக்கு!" என்று உள்ளே கேட்கும்படி சொல்லிக்கொண்டே கிடந்தான்.

குழந்தை அழும் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று குருவம்மாள் தனக்குத்தானே அறிவித்துக்கொண்டாள்.

ஞானதுரை ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நனைந்த சட்டையால் துடைத்ததால் முகம் இன்னும் நனைந்தது.

"போதும்யா. இந்தச் சட்டம் எனக்கு வேண்டாம். மேலிடத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். "இன்னையிலேர்ந்து ஊர்ல எல்லாருக்கும் அரிசி உண்டு. வேலை செஞ்சாலும் உண்டு, செய்யாட்டியும் உண்டு."

கொம்பையாவின் முகம் சுருங்கியது. "எல்லாருக்கும் உண்டுன்னா அது திட்டம் இல்லையே ஐயா. கல்யாணப் பந்தியால்லா இருக்கு?"

"பந்தின்னே வச்சுக்குங்க."

"அப்ப நாங்க என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"ஒண்ணும் செய்யாததச் செய்யணுமா, இல்ல செய்யாமலே இருக்கணுமா?" என்றான் மூக்காண்டி.

"சாப்பிடுங்கய்யா!" என்று ஞானதுரை ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். "வயிறாரச் சாப்பிடுங்க! சாப்பிடுறதுதான் இனிமே உங்க வேலை! இது என் உத்தரவு!"

சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். கொம்பையாதான் முதலில் பேசினார்.

"வேலை கிடைச்சிருச்சு" என்றார். "எல்லாருக்கும். சர்க்கார் உத்தியோகம்!"

பிறகு அந்த ஊரில் நடந்த கொண்டாட்டத்தை எழுதி மாளாது. காய்ந்த வயலைக் கட்டிக்கொண்டு அழுத பரம்பரைக்கு சர்க்கார் உத்தியோகம் என்றால் சும்மாவா? மறுநாள் காலையிலேயே எல்லாரும் துவைத்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, சாவடிக்குப் போய் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். குருவம்மாள் மணி அடித்ததும் ஒன்றாகக் கை வைத்தார்கள். தாமதமாக வந்தவனுக்கு இலை போடவில்லை, அரை நாள் விடுப்பு என்று எழுதிக்கொண்டார்கள். வயிற்று வலிக்காரர்கள் முறைப்படி விடுப்பு கேட்டு, அன்றைக்குச் சாப்பிடாமல் இருந்தார்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு நிறைய வேண்டுமென்று பொன்னுத்தாயிக்கு மட்டும் ஓவர்டைம் போட்டுக் கொடுத்தார்கள். அவள் கன்னம் திரண்டு, பிள்ளை கொழுகொழுவென்று ஆனது. சங்கிலி கட்டுப் போட்ட வயிற்றோடு தன் பங்கு வேலையை முடித்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மூக்காண்டிக்குக் கூட வரன் வந்தது. பெண் வீட்டார், "மாப்பிள்ளை என்ன பாக்கிறாரு?" என்று கேட்டார்கள். "சர்க்கார்ல. சாப்பாட்டுப் பிரிவு" என்றார் கொம்பையா. உணவு இலாகாவில் பெரிய பதவி போலிருக்கிறது என்று அவர்கள் அன்றைக்கே தட்டு மாற்றிவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நாள் கழித்துக் குழந்தையைப் பார்க்க ஞானதுரை வந்தார். கையில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. நல்ல மத்தியானம். சாவடிப் பக்கம் வந்தவர் திகைத்து நின்றுவிட்டார். ஊரே வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் இலை நிறையச் சோறு, ஆவி பறக்கிறது. சாம்பார் ஓடி வழிகிறது. பாதி சாப்பிட்டும் பாதி சாப்பிடாமலும் இருந்த அத்தனை பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு, சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா ஆச்சு? ஏன் யாரும் சாப்பிடல? மறுபடி யாராவது புதுச் சட்டம் போட்டுட்டாங்களா?" என்று பதறினார்.

கொம்பையா எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்:

"இது மத்தியானச் சாப்பாட்டு நேரம்லா ஐயா. சாப்பாட்டு நேரத்துல யாராச்சும் வேலை பாப்பாவளா?"